குரங்குக் குல்லா

நியூ டவுன், கொல்கத்தா
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மீனாக்ஷி அக்காவுக்கு,

விஜயலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா? போன் இருக்கக் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். உங்களிடம் போனில் பேசினால் நான் கத்த வேண்டும். கத்தினால் உங்கள் தம்பி காதில் விழும். அவருக்குத் தெரியக் கூடாத விஷயம் இது.

இங்கே இந்த வருஷம் குளிர் அதிகம். பனிமூட்டத்தில் எதிர்க் கட்டடம்கூடத் தெரிவதில்லை. சர்க்கரைக்காக டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னாலும் சொன்னார், உங்கள் தம்பி விடிந்தும் விடியாமலும் ஏரிப் பக்கம் கிளம்பிவிடுகிறார். கார்த்திகையிலேயே குரங்குக் குல்லா மாட்டிக்கொள்ளும் வங்காளிகளைப் பார்த்து நாம் எப்படிச் சிரித்தோம்! இப்போது நம் வீட்டிலேயே ஒன்று.

அவரைக் கிளப்புவது ஏழுமலையானுக்கு அலங்காரம் செய்வதுபோல. முதலில் பருத்தி பனியன், அதன்மேல் முழுக்கை உள்சட்டை. நெஞ்சுக்கு நேராக நேற்றைய செய்தித்தாளை நாலாக மடித்து வைப்பேன். எதிர்க்காற்றைத் தடுக்கும், வேர்வையையும் இழுத்துக்கொள்ளும். அதற்குமேல் ஸ்வெட்டர், காற்றுப் புகாத மேல்சட்டை, கையுறை. பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுவேன். கடைசியில் குல்லா, அதைச் சுற்றி மஃப்ளர். காதை மூடினால் பாதிக் குளிர் போச்சு என்பது என் கட்சி.

போன வாரம் ஒரு நாள் சிடுசிடுவென்று திரும்பி வந்தார். போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதென்று தெரியாதா, அதுவும் பெயர் சொல்லியா கூப்பிடுவாய் என்று கேட்டார். நான் அடுப்படியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். என் குரல்தானாம், இரண்டு தடவையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பெயரைச் சொன்னதுண்டா? அந்தப் பெயர் வருமே என்று பெருமாளையே ஏழுமலையான் என்றுதானே சொல்கிறேன்!

மறுநாள் மஃப்ளர் வேண்டாம் என்றார். காதை அடைக்கிறதாம், ஒன்றும் கேட்கவில்லையாம். அடுத்த நாள் குல்லாவையும் நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார். திட்டுவதற்காக வாசலில் காத்திருந்தேன். வந்தவரின் காதைத் தொட்டுப் பார்த்தேன். அக்கா, குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கிற குளிரில் அவர் காது வெதுவெதுவென்று இருந்தது. நெஞ்சிலிருந்த காகிதத்தில் சொட்டு வேர்வை இல்லை. ஆனால் செருப்பிலும் காலுறையிலும் ஏரிச் சேறு. நேற்று முழங்கால்வரை நனைந்திருந்தார். கேட்டதற்கு, தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நீதானே கூப்பிட்டாய் என்று சிரித்தார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் கௌசிக்கின் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. இங்கே நிஷி என்று ஒரு பேய் உண்டாம். வேண்டியவர்கள் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போய்விடுமாம். ஆனால் இரண்டு தடவைக்குமேல் அதற்குக் கூப்பிட வராதாம். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் அது மனுஷர்தான் என்றாள். நீ போய் மூன்று தடவை கூப்பிடு, திரும்பிவிடுவார் என்றாள். அவளுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்தோடு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நாளைக் காலை என்ன செய்யப்போகிறேனோ.

சனிக்கிழமை

கடிதத்தை நேற்று தபாலில் சேர்க்கவில்லை. அதனால் தொடர்கிறேன்.

இன்று வெறும் பனியனோடு கிளம்பினார். நான் அவர் பின்னாலேயே கேட்வரை ஓடினேன். சைக்கிள் பனிக்குள் பாதி கரைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டேன் அக்கா. திருவேங்கடம், திருவேங்கடம், திருவேங்கடம் என்று. பின்னாலிருந்து கூப்பிட்ட பாவமும் புருஷன் பெயரைச் சொன்ன பாவமும் என்னோடு போகட்டும். காவல்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பல் கிட்டிப்போய், குளிருகிறது என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நடுரோட்டில் நின்று அழுதேன். ஸ்வெட்டர் போட்டு, ரஜாய் போர்த்தி, காபி கொடுத்துப் படுக்க வைத்தேன். உள்ளே குறட்டை விட்டுத் தூங்குகிறார். அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது, இங்கிருந்தே அவரைப் பார்க்க முடிகிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் மாதவி பிறந்த நாளிலிருந்து உங்கள் தம்பி என்னை மாதவி அம்மா என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் அவருக்கு நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம் என்று நீங்கள்கூடக் கேலி செய்வீர்கள்.

சற்று முன் மாடிப்படியிலிருந்து யாரோ விஜயலட்சுமி என்றார்கள். அவர் குரல். எழுந்து வாசல் கதவுவரை போய்விட்டேன். மறுபடியும் விஜயலட்சுமி என்றார்கள். உள்ளே குறட்டை நிற்கவில்லை. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

நாற்காலியில் கிடந்த அவருடைய குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு, காதுக்குமேல் மஃப்ளரையும் சுற்றிக்கொண்டு இதை எழுதுகிறேன். வெளியே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. தெரிய வேண்டாம்.

நீங்கள் ஒரு நடை வந்து எங்களுடன் இருக்க வேண்டும் அக்கா. பெரியவர் ஒருவர் இருந்தால் எனக்குத் தெம்பு. அழைப்பு மணி எங்கள் வீட்டில் வேலை செய்யவில்லை. வாசலில் நின்று என்னை மூன்று தடவை கூப்பிடுங்கள். இரண்டோடு நிறுத்திவிட்டால், நீங்களே ஆனாலும், நான் கதவைத் திறக்க மாட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்.

உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்,
விஜயலட்சுமி