விடிந்தும் இறங்காத போதை

துந்துபி வருஷம், வைகாசி 12

கோட்டையில் ஒல்லாந்தருக்குத் துணிக்கணக்கு எழுதும் என் மருமகன் தெய்வசிகாமணி, நேற்று சோறு தின்றுகொண்டே சொன்னார்: "வாயால சொன்னது காத்து மாமா. ஓலையில ஏறினாத்தான் நெசம்."

என் வீட்டில், நான் பிடித்த மீனைத் தின்றுகொண்டு! எனக்கு எழுத்து தெரியாதுதான். ஆனால் எந்த நாளில், ஏரியின் எந்தப் பக்கத்தில், எந்த வீட்டு வலை இறங்க வேண்டும் என்ற பாடு முறை, முப்பத்தேழு வீட்டுக்கும் என் நாக்கில் இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வது நான்தான். இருபத்தொன்பது வருஷமாக. அதை எழுதி வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. எழுதினால் ஓலை கோட்டைக்குப் போகும், கோட்டையிலிருந்து வரி வரும்.

பந்தயம் கட்டிவிட்டேன். தினமும் நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் மாப்பிள்ளை எழுத வேண்டும். பாடு முறை மட்டும் அதில் வராது. மாசக் கடைசியில் அத்தனையையும் நான் திருப்பிச் சொல்வேன். அவர் ஓலையை வைத்துக்கொண்டு ஒத்துப் பார்க்கட்டும்.

வைகாசி 13

தெற்குக் காற்று. இறால் சுமார். திரௌபதி குழம்பில் உப்பை மறந்தாள். சிரிக்காமல் எழுதுங்க மாப்பிள்ளை, உங்க பெண்டாட்டிதான்.

வைகாசி 15

ஒன்றுமில்லை. கரையில் துளசிங்கத்தோடு கள்ளு குடித்தேன். மூன்று மொந்தை. தோணியில் ஏறும்போது கால் வழுக்கி, பின்மண்டை தோணி விளிம்பில் பட்டது. "கொஞ்ச நேரம் கூப்பிட்டா பேச்சே இல்ல உனக்கு" என்கிறான் துளசிங்கம். அவன் குடித்தது ஐந்து மொந்தை, அவன் பேச்சை யார் நம்புவது?

என் தோணிக் கூட்டாளி முனியன் ஏன் இன்னும் வரவில்லை?

திரௌபதி புளித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். வாந்தி வந்தது. போதைதான். ஊரே சொல்கிறது, நானும் சொல்கிறேன். இதற்கு இவள் ஏன் அழ வேண்டும்?

முனியன் ஏன் இன்னும் வரவில்லை?

விளக்கைத் தள்ளி வையுங்கள், கண் கூசுகிறது. நாளைக்கு வலைக்குப் போகணும். அது சரி, இந்த முனியன் ஏன் இன்னும் வரவில்லை?

வைகாசி 16

இன்றும் தலை சுற்றல். துளசிங்கம் ஒரு மொந்தையோடு வந்தான். "கள்ளு குடுத்த நோவைக் கள்ளுதான்டா எடுக்கும்" என்றான். பாதி குடித்தேன். எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நோவைக் கொடுத்துவிட்டுப் போயிற்று.

திரௌபதி மொந்தையைப் பிடுங்கி வாசலில் கவிழ்த்தாள். "கள்ளு குடிச்சவன் விடிஞ்சா தெளிவான் நைனா. உனக்கு விடிஞ்சு உச்சிப்பொழுதும் ஆச்சு. இது இன்னா போதை?"

இவளுக்கு எப்போதும் ஒரு கேள்வி. தூங்கினால் உலுக்கி எழுப்புகிறாள். "உன் பேரு இன்னா, நான் யாரு?" என்கிறாள். "நான் பெருமாள், நீ என் மாமியார்" என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தால், முகம் செத்துப்போயிற்று. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அரை நாழிகை சத்தியம் பண்ண வேண்டியதாயிற்று.

வைகாசி 18

மாப்பிள்ளை இன்று பதினைந்தாம் தேதி ஓலையை எடுத்து வாசித்தார்.

முனியன் ஏன் வரவில்லை என்று மூன்று தரம் கேட்டிருக்கிறேன். "நீங்கதானே மாமா ஒரு சொல் விடாம எழுதச் சொன்னீங்க?" என்றார். மூன்று தரமும் திரௌபதி பதில் சொன்னாளாம், மச்சினி கல்யாணத்துக்கு மீஞ்சூர் போயிருக்கிறான் என்று. அவனைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய் அக்கரையில் விட்டவன் நான். மாப்பிள்ளை விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார் என்று கத்தினேன். அவர் அதே ஓலையை மறுபடி வாசித்துக் காட்டினார். அதுதான் பயமாக இருந்தது.

கேட்ட ஞாபகம் எனக்கு ஒரு தரம்கூட இல்லை.

அவர் கோட்டைக்குப் போன பிறகு, கண்ணை மூடிக்கொண்டு பாடு முறையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பதினோராம் வீடு வரைக்கும் வந்தது. அடுத்து நான்காம் வீடு வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி பதினொன்று, மறுபடி நான்கு. என்னடா இது? குடித்துவிட்டு வரப்பில் புரண்டு கிடந்த நாளிலும் எனக்கு இது தப்பியதில்லையே. நாக்குக் குழறும், கால் பின்னும், முறை தப்பாது.

இது கள்ளு இல்லை. அடி.

வைகாசி 19

திரௌபதி வைத்தியரை அழைத்துவந்தாள். காதிலும் மூக்கிலும் ரத்தமோ நீரோ வந்ததா என்று கேட்டார். இல்லை. ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணைப் பார்த்தார். "மண்டை குலுங்கிருக்கு. வெளிய புண்ணு இல்லன்னு எல்லாரும் கள்ளு மேல பழியப் போட்டீங்க. இனி கள்ளு ஆவாது. தோணி ஆவாது. படு. பேச்சு குழறினாலோ, கை கால் இழுத்தாலோ, எழுப்பியும் எழலன்னாலோ, உடனே எனக்கு ஆள் விடுங்க."

எத்தனை நாள் என்று கேட்டேன். "அதை உன் மண்டையக் கேளு" என்றார். இதைச் சொல்ல ஒரு வைத்தியர்!

வைகாசி 21

படுத்திருக்கிறேன். கூரையில் இரண்டு பல்லி.

வைகாசி 23

நாளை அமாவாசை. காலையில் துளசிங்கம் வந்தான். "தலை சரியில்லன்னு கூட்டத்துல சொல்லாத. சிரிப்பானுங்க. மறந்த எடத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லு, எவனுக்குத் தெரியும்?"

எவனுக்கும் தெரியாது. அதுதானே பேஜார். எனக்கு முன் முறை சொன்ன கிழவர் ஒரு தரம் ஒரே ஒரு வீட்டை மாற்றிச் சொன்னார். ஒரே நாளில் ஒரே நீருக்கு இரண்டு தோணி போயிற்று. துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் கரைக்குத் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி மண்ணை வாரி வாரி அந்தக் கிழவர் வாசலில் இறைத்தாள். அந்தச் சத்தம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. மறக்க வேண்டியது மறக்காது, இந்த மண்டையில்.

இன்றும் பதினொன்று, நான்கு.

வைகாசி 24

எழுந்து நின்றேன். "மண்டையில அடி. முறை எனக்கு நெனப்புல நிக்கல. இந்தத் தரம் நான் சொல்லல" என்றேன்.

"பெருமாளுக்கு இன்னும் எறங்கலடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். "எட்டு நாளா கள்ளு தொடலடா, எறங்கறதுக்கு இன்னா கீது?" என்று கத்தினேன். கத்தியதில் தலை சுற்றி, துளசிங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு நின்றது.

என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிறகு துளசிங்கமே எழுந்தான். "எனக்கு முன்னாடி கோபால் வூடு. பின்னாடி பெருமாள் வூடு. அது எனக்குத் தெரியும்." உட்கார்ந்தான். கோபால் எழுந்து தனக்கு முன்னால் யார் என்று சொன்னான். அவன் சொன்னவன் எழுந்தான். முப்பத்தேழு பேரும் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நடுவில் இரண்டு சண்டை, ஒரு சமாதானம். ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரத்தில் நான் சொல்லி முடிப்பதை!

வைகாசி 31

மாசக் கடைசி. பந்தயப் பேச்சை மாப்பிள்ளை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஓலை எழுதுவது மட்டும் நிற்க வேண்டாம் என்றேன்.

ஆனி 9

விடிகாலையில் பன்னிரண்டாம் வீடு வந்தது. பிறகு முப்பத்தேழும். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். திரௌபதியை எழுப்பி மூன்றாம் தரமும் சொன்னேன். "சரி நைனா, படு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆனி 22

அமாவாசை. வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனேன். தலை தெளிந்துவிட்டது, முறை முழுதும் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

"சரி மாமா, உக்காருங்க. உங்க முறை வந்தா சொல்லுங்க" என்றான் கோபால்.

ஒருவர் ஒருவராக எழுந்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு வீடுகூட மாறவில்லை.

என் முறை வந்தது. எழுந்தேன். "எனக்கு முன்னாடி துளசிங்கம். எனக்குப் பின்னாடி உலகநாதன்" என்றேன். உட்கார்ந்தேன்.