முன் குறி மங்கிய வருடம்

இன்று காலை மனைவி பூசையறையில் சூடம் ஏற்றினாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் சாமி நினைவு வரவில்லை, நீர்தான் வந்தீர். துப்பாக்கி முனையில் இருக்கும் முன் குறி வெயிலில் பளபளக்காமலிருக்க, சூடப் புகையில் காட்டி அதில் கரியேற்றுவீர். நான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். "பைய, வே. ஆட்டாதீரும்" என்பீர்.

நாம் இருவரும் ஒரே வருடம் ரைபிள் கிளப்பில் சேர்ந்தவர்கள். நான் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். நீர் கல்லிடைக்குறிச்சியில் பம்புசெட் கடை வைத்திருந்தீர். தொண்ணூறுகளின் நடுவில், ஐம்பதை நெருங்கும்போது, எனக்கு முன் குறி மங்கத் தொடங்கியது. தூரத்து இலக்கு நன்றாகத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் குறியின் வளையம்தான் கலங்கிப்போகும். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் உம்மிடம் மட்டும் சொன்னேன்.

"கண்ணு மங்குனா என்ன வே? கண்ணுக்குத் தக்கன குறிய மாத்துவோம்" என்றீர்.

மாற்றினீர். ஞாயிற்றுக்கிழமைகளில் உம் கடையின் பின்பக்கம்தான் நமக்குப் பட்டறை. கண்ணருகே இருக்கும் பின் குறியின் துளையைச் சிறிதாக்கினால் மங்கல் தெளியும். ரொம்பச் சிறிதானால் இருட்டிவிடும். பித்தளை வில்லைகளில் விதவிதமாகத் துளை போட்டு மாட்டிப் பார்த்தீர். முன் குறிக்குக் கொஞ்சம் பெரிய வளையம் வைத்தீர், இலக்கின் கறுப்பைச் சுற்றி வெள்ளை கூடுதலாகத் தெரியட்டும் என்று. ஒவ்வொன்றையும் முதலில் நீரே கன்னம் வைத்து நெடுநேரம் பார்ப்பீர். பிறகுதான் என்னிடம் தருவீர். எனக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று நெகிழ்ந்துபோவேன்.

மாநிலப் போட்டிக்கு நம் வயதுப் பிரிவில் ஒருவர்தான் போகலாம். பயிற்சியில் நான் உம்மை முந்தியிருந்தேன். ஆனாலும் தேர்வானவர் நீர். கிளப் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்களுக்குக் கண்ணு சரியில்லையாமே, சார்? உங்க கூட்டாளிதான் கூட்டத்துல சொன்னாரு. அங்கன போயி மானம் போயிரக் கூடாதுல்லா?"

அன்று சாயங்காலமே பஸ் ஏறி உம் கடைக்கு வந்தேன். யாருக்கோ வால்வு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர். அவர் போகும்வரை நின்றேன்.

"ஏன் வே சொன்னீரு?"

நீர் நிமிரவில்லை. "இல்லாததயா சொன்னேன்? உம்ம கண்ணு மங்கல்தான வே."

கல்லாவை இழுத்துச் சில்லறையை எண்ணத் தொடங்கினீர். போட்டிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினீர் என்று கேள்விப்பட்டேன். அதில் சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. பிறகும் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்தில் படுத்துச் சுட்டோம். பேசிக்கொள்ளவில்லை.

உம் பதினாறாம் நாளுக்கு வந்திருந்தேன். உம் மனைவி காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்த வருசம் அவுகளுக்கும் கண்ணு மங்கிட்டு, அண்ணாச்சி. ஒவ்வொரு வில்லையா உங்க துப்பாக்கில போட்டுப் பாத்துட்டுத்தான் தன்னோடதுல மாட்டுவாக. உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். காபியை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

போட்டி போனது போகட்டும். அதே மங்கலைக் கண்ணில் வைத்துக்கொண்டு என் மங்கலைச் சபையில் எடுத்துச் சொல்ல உமக்கு எப்படி வாய் வந்தது? முன்னமே என்னிடம் சொல்லியிருந்தால் நான் விட்டுக் கொடுத்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது. சண்டை போட்டிருப்பேன். ஆனால் இரண்டு அரைக்குருடர்கள் ஒரு வில்லையை மாற்றி மாற்றிப் பார்ப்பதை நினைத்துச் சிரித்தும் இருப்போம். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போனீர்.

சென்ற வருடம் எனக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மறுநாளே கிளப்புக்குப் போய், எல்லாரும் இருக்கும்போது உரக்கச் சொன்னேன். செயலாளருக்கு, காவலாளிக்கு, டீ கொண்டுவந்தவருக்கு என்று அத்தனை பேருக்கும் கேட்டது. எல்லாரும் நல்லபடியாக விசாரித்தார்கள். எனக்கு நண்பர்களுக்குக் குறைவில்லை. ஒருவரிடம் மட்டும் சொல்ல, ஒருவர் இல்லை.