நாலு பேருக்கு ஒரு வண்டி

கிளேட்டன், மெல்பேர்ண்
12 செப்டெம்பர் 1976

அன்புள்ள சச்சிக்கு,

விக்கி எழுதுவது. நானும் யோகாவும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று யோகா கேட்கச் சொன்னாள். பாணும் ஜாமும் சாப்பாட்டுக் கணக்கில் வராதாம், அதையும் எழுதச் சொன்னாள்.

இங்கே வசந்தம் வந்துவிட்டது என்று கலண்டர் சொல்கிறது. குளிருக்கு அது இன்னும் தெரியவில்லை. யோகா முளைக்கவைத்த மிளகாய்க் கன்றுகளை வெயில் எட்டிப் பார்த்தால் வெளியே தூக்கிப் போகிறாள், மேகம் மூடினால் குசினிக்குள் தூக்கி வருகிறாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒருமுறையாவது இப்படித் தாங்கியிருப்பாளா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. டிசம்பர் பயணத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் காருக்குப் பின்னால் இழுக்கிற ஒரு சின்னக் கரவனாக வாங்கிப் போய்வாருங்கள், நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது நடக்காது. சிட்னியில், மெரிலேண்ட்ஸில் உன் வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்து, எந்தக் கடற்கரையில் தங்குவது, எந்த ஊரில் மாம்பழம் வாங்குவது என்று நாங்கள் நாலு பேரும் திட்டம் போட்டது விளையாட்டுக்கா? ரஞ்சினி உன்னைத் தனியே விட்டுக் கண்ணை மூடி அரை வருஷம் ஆகிறது. எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் கணக்குப் படிப்பிக்கப் பிள்ளைகளும் இல்லாமல், அந்த வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நீ தனியே இருப்பாய் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நேரில் என்றால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். நீ வந்தே ஆக வேண்டும்.

இனி வண்டி விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நானும் யோகாவும் கரவன் விற்கிற இடத்துக்குப் போனோம். எல்லாம் வழக்கமான கரவன்தான். எங்கள் ஹோல்டன் ஸ்டேஷன் வேகனின் பின்பக்கத்தில் ஒரு இரும்புக் குண்டைப் பூட்டி, அதில் கொளுவி இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளே அடுப்பு, அலுமாரி, ஒரு கட்டில். மேசையை மடித்தால் இன்னொரு கட்டில். யோகாவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பெரிய லொறி ஒன்று பக்கத்தால் போனால் கரவன் வாலை ஆட்டும், கூடவே காரும் ஆடும். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

டண்டினோங்கில் வில்லம் என்று ஒரு ஒல்லாந்தன் இருக்கிறான், வெல்டிங் வேலை செய்கிறவன். அமெரிக்கப் புத்தகம் ஒன்றைப் பார்த்துத் தன் கொட்டிலில் வேறொரு வகை வண்டி செய்திருக்கிறான். ஃபிஃப்த் வீல் என்று பெயர். ஐந்தாம் சக்கரம் எங்கே இருக்கிறதென்று நான் குனிந்து கீழே தேடினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சக்கரம் அல்ல, காருக்குப் பதில் இதை இழுக்கிற யூட்டின் திறந்த பின்தட்டு நடுவே பூட்டுகிற வட்டத் தகட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். வண்டியின் முன்பாகம் உயர்ந்து வந்து அந்தத் தகட்டில் உட்காரும். பாரம் முழுவதும் யூட்டின் பின் அச்சில் இறங்குவதால் ஆட்டமே இல்லை. தாய்ப்பசுவின் பின்னால் கன்று வருகிற மாதிரி வருகிறது. நானே ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய விஷயம், உயர்ந்து நிற்கிற அந்த முன்பாகத்தில் தனியாக ஒரு படுக்கை அறை இருக்கிறது. அது உனக்கு. நானும் யோகாவும் கீழே. எங்கள் சண்டை உனக்குக் கேட்காது, உன் பழைய பாட்டு றேடியோ எங்களுக்குக் கேட்காது.

யூட்டின் முன் இருக்கையில் மூன்று பேருக்கு மேல் உட்கார முடியாது என்பதால் முன்பு நாங்கள் யூட் பற்றி யோசிக்கவே இல்லை. இப்போது அந்தச் சிக்கல் இல்லை. நான், நீ, யோகா. அளவெடுத்த மாதிரி இருக்கும்.

வேகனை விற்று யூட் வாங்கிவிடுவேன். வில்லமிடம் இன்னொருவரும் கேட்கிறாராம். அதனால் உடனே பதில் போடு. ஓம் என்று ஒரு சொல் போதும்.

என்றும் உன்
விக்னராஜா

*

கிளேட்டன், மெல்பேர்ண்
10 ஒக்டோபர் 1976

அன்புள்ள சச்சிக்கு,

உன் பதில் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்ல முடியாது, தந்திக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம். மூன்று பேராகப் பயணம் வெளிக்கிடக் கூடாது, ஆகவே நீங்கள் இருவரும் போய்வாருங்கள் என்று எழுதி, கீழே பெயரும் வைத்திருக்கிறாய்.

வாசித்ததும் எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டேன். ஊரில் நல்ல காரியத்துக்கு மூன்று பேராய்ப் புறப்பட்டால் பெரியவர்கள் தடுப்பார்கள், உண்மைதான். நாங்களும் அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் கொழும்பில், வெள்ளவத்தையில் நாங்கள் ஒரே அறையில் இருந்த காலத்தில், ராகுகாலத்தில் பரீட்சை எழுதப் போய் முதலாம் பிரிவில் பாஸ் பண்ணியது யார்? நீதானே. கணக்கு மாஸ்ரருக்கு மூன்று என்ற எண்ணைக் கண்டு பயமா?

அவ்வளவு பயமாக இருந்தால் அதற்கும் ஊரில் பரிகாரம் உண்டு, நீ மறந்திருக்க மாட்டாய். நாலாவது ஆளாக ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். டண்டினோங் மலையில் கல்லுக்கா பஞ்சம்? உருண்டையாக ஒன்று பார்த்துப் பொறுக்கி வைக்கிறேன்.

பகிடி போதும். வில்லமுக்கு நான் இன்னும் முடிவு சொல்லவில்லை. யோகா இந்த ஃபிஃப்த் வீலைப் பற்றி ஒன்றுமே பேசுகிறாள் இல்லை. கரவன்தான் நல்லது என்றாள், ஏனென்று கேட்டால் குசினிப்பக்கம் போய்விடுகிறாள். அவளுக்குக் கரவனின் அலுமாரிதான் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீ வா, சச்சி. சாட்டுச் சொல்லாதே.

உன்
விக்கி

*

கிளேட்டன், மெல்பேர்ண்
14 நவம்பர் 1976

அன்புள்ள சச்சி,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து பதில் இல்லை. அதில் உன் பிழை ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது யோகா உனக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறாள். மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் அவள் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருக்கிறாள்.  உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அந்தச் சிக்கல் இல்லை எண்டு எழுதினீங்களாமே, உங்களுக்கு மனிசற்ரை மனம் எண்டு ஒண்டு விளங்காதா?" என்று கேட்டாள். நான் எழுதிய வரியை நீ அவளுக்கு வாசித்துக் காட்டினாயாம், சொல்லுக்குச் சொல்.

எந்த வரி என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாலு பேருக்கு இடம் காணாத வண்டி மூன்று பேருக்கு அளவாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு எழுதியிருக்கிறேன். ரஞ்சினி இல்லாமல் போனதை ஒரு வசதி மாதிரி எழுதியிருக்கிறேன், அதுவும் உனக்கு. வண்டி எப்படி இழுக்கிறது, பாரம் எங்கே விழுகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்த மடையன் நான். கல்லைப் பற்றி எழுதியதை நினைத்தால் இந்தப் பேனையைத் தொடவே வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள், மச்சான்.

மூன்று பேராக வெளிக்கிடக் கூடாது என்று நீ எழுதியதைச் சாஸ்திரம் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தேன். ரஞ்சினியை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்றுதான் நீ கேட்டிருக்கிறாய். யோகா அதை வாசித்த அன்றே விளங்கிக்கொண்டாள். எனக்கு அவள் சொல்ல வேண்டியிருந்தது.

உன் வீட்டு அலுமாரி விஷயத்தையும் சொன்னாள். உனக்குக் கோபம் வராது என்று நம்பி எழுதுகிறேன். ரூக்வூட் மயானத்தில் எரித்து எடுத்து வந்த அஸ்தியை இன்னும் ரஞ்சினியின் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாயாம். செத்தவர்களின் அஸ்தியை வீட்டுக்குள் வைத்திருக்கலாமா, உடனே ஒரு தண்ணீரில் விடு என்று உன் அண்ணர் ஊரிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறாராம். அங்கே கீரிமலைக் கடலுக்குக் கொண்டுவருகிறேன் என்று அவருக்கு எழுதிவிட்டு பிளேன் ரிக்கற் எடுக்காமல் இருக்கிறாயாம். இந்த ஊர்த் தண்ணீர் அவளுக்குக் குளிரும் என்று சொன்னாயாம்.

உன் அண்ணர் சொல்வது முறை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. யோகா செத்து நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். உன்னைவிட மோசமாகத்தான் இருந்திருப்பேன். அவளிடம் இதைச் சொன்னால், எல்லாவற்றிலும் உங்கள் கதைதானா என்று கேட்பாள்.

தீபாவளி வந்து போனது. யோகா பலகாரம் சுடவில்லை, புதுச்சேலை கட்டவில்லை. நாங்கள் இரத்தச் சொந்தம் இல்லையே, எங்களுக்குத் துடக்கு, தீட்டு ஒன்றும் இல்லையே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் கோப்பியை எடுத்துக் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை டண்டினோங்குக்குப் போய் வில்லமிடம் ஃபிஃப்த் வீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இழுவை சரியில்லையா, கட்டில் பிடிக்கவில்லையா என்று துருவித் துருவிக் கேட்டான். வண்டியில் ஒரு குறையும் இல்லை, முன்னால் நாலு பேர் இருக்க முடியாது, அதுதான் குறை என்றேன். மூன்று பேர் என்றுதானே சொன்னாய் என்று கேட்டான். பிழையாக எண்ணிவிட்டேன் என்றேன்.  கை கொடுத்து அனுப்பினான்.

கரவன் வாங்கியாகிவிட்டது. ஸ்டேஷன் வேகனும் எங்களோடுதான் இருக்கிறது. கரவனின் வாலாட்டத்துக்கு ஏதோ ஒரு இரும்புச் சட்டம் பூட்டித் தந்திருக்கிறார்கள். அது போதாவிட்டால் நான் மெதுவாக ஓட்டுகிறேன், பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். உனக்கு மேசையை மடிக்கிற கட்டில். நடுவில் யோகா ஒரு திரை தைத்துப் போட்டிருக்கிறாள். தனி அறை இல்லை, என் குறட்டையை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளவத்தையில் பழகியதுதானே.

கரவன் வந்த அன்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். இது வீடு, பால் காய்ச்ச வேண்டும் என்று அவள். இது வாகனம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசிக்க வேண்டும் என்று நான். கடைசியில் இரண்டுமே இல்லை, சச்சி அண்ணை வந்த பிறகு பார்ப்போம் என்று முடித்துவிட்டாள். முற்றத்தில் சும்மா நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவன் தினமும் வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, எப்போது பயணம் என்று கேட்கிறான். சிட்னியில் இருந்து பதில் வரட்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

பள்ளிக்கூடம் முடிந்த அடுத்த நாள் நாங்கள் இங்கிருந்து வெளிக்கிட்டு மெரிலேண்ட்ஸுக்கு வருவோம். அங்கிருந்து நேரே வடக்கே, பசிபிக் நெடுஞ்சாலையில், முன்பு திட்டம் போட்ட அதே வழியில். நானும் யோகாவும் முன்னால் இருப்போம். பின் இருக்கையில் நீ. உனக்குப் பக்கத்து இடத்தில் எந்தச் சாமானையும் வைக்க மாட்டோம்.

சச்சி, ரஞ்சினியையும் கூட்டிக்கொண்டு வா. வழி முழுவதும் கடல் இருக்கிறது, வடக்கே போகப் போகத் தண்ணீர் இளஞ்சூடாகும் என்கிறார்கள். எங்காவது ஓரிடத்தில் உனக்கு மனம் வந்தால் சொல், நிறுத்துகிறேன். மனம் வராவிட்டால் அவளைத் திரும்ப உன் வீட்டுக்கே கொண்டுவந்து விடுவோம். அடுத்த வருஷமும் போவோம். உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். உன் அண்ணருக்கு நான் எழுதுகிறேன்.

நாலு பேராகப் போவதாகத்தானே பேச்சு. நாலு பேராகவே போவோம்.

அம்மாளாச்சி உன்னைக் காப்பாற்றட்டும். நான் கோயில் குளம் என்று போகிறவன் அல்ல, உனக்காக இதை எழுதுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
விக்கி

சச்சி அண்ணைக்கு யோகா எழுதுவது:

இவர் பின் சீற்றில் இடம் வைத்ததோடு விட்டுவிட்டார். ரஞ்சினிக்குக் கார் ஓடினால் தலை சுற்றும். அவவைச் சன்னல் பக்கம் வையுங்கோ. நீங்கள் நடுவில் இருங்கோ. கட்டாயம் வாங்கோ அண்ணை.