பத்து மணிக்குத் தலை எண்ணிய ஹோட்டல்

கெலமங்கலம்
7 செப்டம்பர் 2025

என் சௌமிக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். ஸ்பெயினுக்குக் கிளம்புகிறவள் நலமாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் சண்டை வருகிறது, ஞாயிற்றுக்கிழமை தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவோம் என்று நீ போட்ட சட்டப்படி எழுதுகிறேன். போனிலாவது கத்தலாம். இதில் கத்தவும் வழியில்லை.

அங்கே அயர்லாந்து ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை செய்கிற மேவ் கல்யாணம் பண்ணிக்கொள்வாள். அதற்கு நர்சுகள் ஆறு பேர் வேறு நாட்டுக்குப் போய்க் கூத்தடிக்க வேண்டும். இது என்ன சடங்கும்மா? நம்மூரில் நலங்கு வைத்து வளையல் அடுக்கினால் முடிந்தது. சரி, ஐரிஷ்காரர்கள் வழக்கம், இருக்கட்டும். உனக்கென்ன வந்தது? யூடியூபில் பார்த்தேன். அந்த மாதிரி குடிக்கூத்து ஊர்களில் ஐரிஷ்காரர்கள் என்றாலே ஆகாதாம். ஊர் சனம் பலகை பிடித்துக்கொண்டு திரும்பிப் போ என்கிறதாம். அவர்கள் கூட்டத்தில் நின்று நீ எதற்கு வசவு வாங்க வேண்டும்?

நேற்று பாலிஹவுஸ் பிளாஸ்டிக் கொட்டகையில் ரோஜா மொட்டுகளுக்கு வலைக் குல்லாய் மாட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்கு வரும் நாராயணம்மா, "ஏம்ப்பா ராஜு, பொண்டாட்டி சீமையில ஆடப் போறா, நீ இங்க பூவுக்குக் குல்லா மாட்டிகினு இருக்கிறியே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஜனவரியில் நானே அங்கே வரப்போகிறேன். அதுவரை பொறுக்கக் கூடாதா?

போயே தீருவேன் என்றால் ஹோட்டல் பேரும் நம்பரும் அனுப்பு. ஓர் அவசரத்துக்கு.

ராஜ்குமார்


கார்க், அயர்லாந்து
14 செப்டம்பர் 2025

அன்பு மாமாவுக்கு,

சௌமியா எழுதுவது. உங்கள் யூடியூபை முதலில் மூடிவையுங்கள்.

ஆறு பேரில் குடிக்காதவள் நான் ஒருத்திதான். அதனால்தான் விடாமல் கூப்பிடுகிறார்கள். எல்லாரையும் பத்திரமாக ரூமுக்குக் கொண்டுவந்து சேர்க்க ஒருத்தியாவது தெளிவாக இருக்க வேண்டாமா? வந்த புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து, கஞ்சி என்று நினைத்து ஏதோ ஒரு கூழைக் கிண்டி ஊட்டியவள் மேவ். அவளுக்காக மூன்று நாள் போக மாட்டேனா?

ஓசூர் லேடீஸ் ஹாஸ்டல் ஞாபகம் வருகிறது. நமக்கு நிச்சயமான மறுநாளிலிருந்து வார்டன் ருக்மணி மேடத்துக்குப் போன் போடுவீர்களே, "சௌமியா வந்துட்டாளா? கேட்டைப் பூட்டிட்டீங்களா?" என்று. ரூமில் எல்லாரும் என்னைக் கேலி செய்வார்கள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. இங்கே வார்டன் கிடையாது மாமா. என்னை நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஹோட்டல் நம்பர் கீழே இருக்கிறது. விசாவுக்காக உங்களை அழைக்கிற பேப்பரைத் திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். நம் இருவருக்கும் வீடும் தேடுகிறேன். ஜன்னல் பெரிதாக இருக்க வேண்டும், நீங்கள் தொட்டி வைக்காமல் இருக்கமாட்டீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் சௌமி


ஸ்பெயின்
20 செப்டம்பர் 2025

மாமா,

ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரியோ என்னவோ.

ஹோட்டலில் நுழைந்ததுமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களிடம் கேட்காத டெபாசிட்டை எங்களிடம் மட்டும் வாங்கினார்கள். மற்றவர்களுக்குக் கையில் கட்ட நீலப் பட்டை, எங்களுக்கு மட்டும் சிவப்பு. மாடியில் ஒதுக்குப்புறமாக ரூம், வாசலில் ஒரு காவலாள். பத்து மணி ஆனால் அவன் கதவைத் தட்டி எங்களைத் தலை எண்ணுகிறான்! மேவ் ஏன் என்று கேட்டதற்கு, "உங்க கூட்டத்தைப் பத்தி ஏற்கெனவே சொல்லி வச்சிருக்காங்க" என்கிறான். யார் சொன்னார்கள் என்று கேட்டால் அடுத்த ரூம் கதவைத் தட்டப் போய்விடுகிறான்.

மேவ் நேற்று குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். "நாங்க ஐரிஷ்ங்கறதாலதான். எல்லா ஊர்லயும் எங்களைக் குடிகாரக் கூட்டம்னு நினைக்கறாங்க" என்றாள். ஆனால் வெளியே போனால் அப்படித் தெரியவில்லை. ஒரு சுவரில் டூரிஸ்டுகளே திரும்பிப் போங்கள் என்று எழுதியிருந்தது உண்மைதான். அதே தெருவில் பழக்கடை அம்மா மேவ் கல்யாணப் பெண் என்று தெரிந்ததும் ஆரஞ்சை மடியில் கொட்டினாள். டாக்ஸிக்காரர் அயர்லாந்து என்றதும் பாட்டுப் பாடினார். ஹோட்டலுக்குள் மட்டும்தான் இப்படி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடற்கரையில் எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன். வெயில் நம்மூர் மாதிரியே இருக்கிறது.

சௌமி


கெலமங்கலம்
21 செப்டம்பர் 2025

சௌமி,

பார்த்தாயா? நான் அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஐரிஷ்காரர்களோடு சேர்ந்தால் அவர்களுக்கு விழுகிற அடி உனக்கும்தான் விழும்.

ஒரு விதத்தில் நல்லதுதான். காவலுக்கு ஆள் இருந்தால் கண்டவனும் உள்ளே வரமாட்டான். அந்த ரிசப்ஷன் பெண் லூசியா பொறுப்பான பெண்தான், அவள் சொல்கிறபடி நடந்துகொள். கோபித்துக்கொள்ளாதே.

படத்தில் உன் தோளுக்குப் பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்கிறானே, அவன் யார்? ஏன் அப்படிப் பல்லைக் காட்டுகிறான்? அவன் சொன்னதற்கு நீயும் சிரித்திருக்கிறாய். என் முன்னால் நீ அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று? படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராஜ்குமார்


கார்க்
28 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹோட்டலில் வைத்தே படித்தேன். லூசியா யார் என்று யோசித்தேன். நான் அப்படி ஒரு பெயரை எழுதவே இல்லையே. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ரிசப்ஷனில் இருந்த பெண்ணின் சட்டையைப் பார்த்தேன். பெயர்ப் பட்டையில் லூசியா என்று இருந்தது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நாங்கள் வருவதற்கு முந்தின நாளே நீங்கள் போன் செய்தீர்களாம். ஐரிஷ் பெண்கள் மோசமானவர்கள், குடித்தால் கட்டுக்கு அடங்கமாட்டார்கள், என் மனைவி அவர்களோடு வருகிறாள், பத்து மணிக்கு எல்லாரும் உள்ளே இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள், ஆண்களை விடாதீர்கள் என்றீர்களாம். தினமும் கூப்பிட்டு விசாரித்தீர்களாம். பாவம், அவர்கள் பயந்துவிட்டார்கள். ரகளைக்காரக் கூட்டம் என்று நினைத்து டெபாசிட் வாங்கி, காவல் போட்டு, சிவப்புப் பட்டை கட்டினார்கள். நீங்கள் ருக்மணி மேடத்திடம் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறீர்கள். அது ஹாஸ்டல் இல்லை மாமா. நானும் இப்போது அந்தப் பெண் இல்லை.

ஐரிஷ்காரர்களை அங்கே யாரும் விரட்டவில்லை. மூன்று நாளும் எங்களை விரட்டியது கெலமங்கலம்தான்.

ஏர்போர்ட்டில் எல்லாரிடமும் உண்மையைச் சொன்னேன். மேவ் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்ப அவங்க எங்களை வெறுக்கலையா?" என்று மட்டும் கேட்டாள், குழந்தை கேட்கிற மாதிரி.

தட்டு ஏந்தி நின்றவன் ஐஸ்கிரீம் விற்கிற பையன். மேவ் கையிலிருந்த ஐஸ்கிரீமைக் கடற்காக்கை பிடுங்கிக்கொண்டு போனது, அதற்குத்தான் சிரித்தோம். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நீங்களும்தான் சிரித்திருப்பீர்கள்.

வீடு பார்த்துவிட்டேன். சின்ன வீடு, ஒருத்திக்குப் போதும். உங்கள் பேப்பரில் கையெழுத்துப் போடவில்லை. எப்போது போடுவேன் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்காதீர்கள்.

சௌமியா


கெலமங்கலம்
12 அக்டோபர் 2025

சௌமி,

போன ஞாயிறு உன் கடிதம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

நான் செய்தது தப்பு. மேவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன். பூ வாங்குகிற கம்பெனிக்கு எழுதுவதுபோலவே வருகிறது, கிழித்துப் போட்டேன். நேரில் வந்தால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். வரவிடுவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்தப் பையன்மேலேகூட அவ்வளவு பொறாமை இல்லை. மேவ் மேலேதான். உனக்குக் காய்ச்சல் என்றால் கூழ் கிண்டுகிற இடத்தில் அவள் இருக்கிறாள். நான் இங்கே ரோஜாவுக்கு மருந்தடிக்கிறேன். அந்த எரிச்சல்தான் என்னைப் போனை எடுக்க வைத்தது. இது சமாதானம் இல்லை என்று எனக்கே தெரியும்.

புது வீட்டில் ஜன்னல் பெரிதா என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

உன் ஆஸ்பத்திரி வார்டின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நீ டூட்டிக்கு வந்தாயா, உடம்புக்கு ஏதாவதா என்று ஒரு வார்த்தை கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். இன்று காலையிலிருந்து அந்த நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அழிக்க மனசு வரவில்லை சௌமி. ஆனால் போடவும் இல்லை. நீயாகச் சொல்கிறவரை உன்னைப் பற்றி யாரிடமும் கேட்கமாட்டேன்.

உன்
ராஜ்குமார்