பூஜைக்குத் துடைத்த கண்ணாடி

ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி, என் மல்லிகாவுக்கு,

நீ தூசி படியவைத்த கண்ணாடியைத் துடைத்துவிட்டார்கள். கத்தாதே, முழுக்கக் கேள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஆத்தூருக்கு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கல்லூரி ஆய்வகம் முழுக்கச் சந்தன வாசம். நுண்ணோக்கிக்குப் பொட்டு, வெற்றிடப் பெட்டிக்குப் பொட்டு. பளபளவென்றிருந்த நம் கண்ணாடிக்கும் ஒரு பொட்டு.

"யாருண்ணே இதைத் தொட்டது?"

"நாந்தாம்மா. எம்புட்டு அழுக்கு! சாமி கும்பிடுற நாள்ல இப்பிடியா போட்டு வைக்கிறது? துண்டை வச்சு நல்லா அழுத்தித் தேச்சேன்ல" என்றார் உதவியாளர் பாண்டி அண்ணன், பொரியை நீட்டியபடி.

நிலாவில் நிற்கும் கருவியின் கண்ணாடியில் ஒட்டும் தூசியை, அடியில் பதித்த மெல்லிய கம்பிகளில் மின்சாரம் விட்டு உதறமுடியுமா என்று நீ தொடங்கிய சோதனை. நிலாத் தூசிக்குப் பதிலாகப் பாறையைப் பொடித்து நீயே சலித்த தூள். அங்கே காற்றும் நீரும் இல்லாததால் தூசியின் முனை மழுங்குவதில்லை. வெயிலில் மின்னேற்றம் பெற்று விடாமல் ஒட்டும். கண்ணாடி மங்கும், கருவி சூடேறும். இதையெல்லாம் உன்னிடமே சொல்கிறேன் பார்!

தேய்த்த இடமெல்லாம் கீறல். துறைத்தலைவர் வந்து பார்த்தார்.

"விடும்மா. அந்தப் பிள்ளையே போயிருச்சு. திண்டுக்கல்லுல இருந்து நாமளா நிலாவுக்குப் போகப்போறோம்? ரூமைக் காலி பண்ணிரு, கம்ப்யூட்டர் போடணும்."

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது, சோதனையை மூட ஒரு காரணமா மல்லிகா?

அந்தக் கீறல் மேலேயே உன் தூளைத் தூவினேன். பெட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, மின்சாரம் விட்டேன். கீறாத ஓரத்தில் தூசி எகிறிப் பறந்தது. கீறலுக்குள் இருந்தது அசையவே இல்லை. துறைத்தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"துண்டுக்கே இப்பிடி சார். அங்க ஒரு கலம் இறங்குறப்போ கிளம்புற தூசி இதைவிட மோசமாக் கீறும். கீறுன கண்ணாடியை எப்பிடிச் சுத்தம் பண்றதுன்னு யாராச்சும் பார்க்கணும்ல?"

"அதை நீதான் பார்க்கணுமா?"

"ஆமா சார். ரூமைக் காலி பண்ணமாட்டேன்."

அவர் போய்விட்டார். கம்ப்யூட்டர்கள் வராந்தாவில் அட்டைப்பெட்டியோடு கிடக்கின்றன. கிடக்கட்டும்.

நாளை மின்னழுத்தத்தைக் கூட்டுவேன். அசையாவிட்டால் கம்பிகளை நெருக்கிப் பதிப்பேன். அதுவும் பலிக்காவிட்டால், பலிக்கவில்லை என்றே எழுதுவேன். எழுதும் கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் இருக்கும். அதை அடிக்க யாரையும் விடமாட்டேன்.

உன்னோடு பிறக்காமல் போன சகோதரி,
கயல்விழி