சுவருக்குக் கை தூக்கியவளின் கடிதம்

என் கண்ணான கலாவதிக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரிகூட எழுதாததற்குத் துக்கம்தான் காரணம் என்று ஊரில் நினைக்கிறார்கள். துக்கம் இருக்கிறது. அதைவிட வீம்பு அதிகம். போன வாரத்திலிருந்தோ, உன்னிடம் தோற்றுப்போன செய்தியை உன்னிடமே சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் பேனாவை எடுக்கவில்லை.

மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு ஊர் பார்க்கத்தானே உன்னை எதிர்த்துப் பேசினேன்?

நம் இருவருக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். நீ கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர். நான் முப்பது வருடம் உப்பு வாரியவள். பள்ளிக்கூடமே போகாமல், லாரியிலும் மூட்டையிலும் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள். படிக்கத் தெரிந்த கூலிக்காரி என்பதால் பள்ளிக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டார்கள். நீ முதல் நாளே என்னை அக்கா என்றாய். அவ்வளவுதான் உறவு. போதாதா?

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யாருக்கும் புத்தி நிலையாக இல்லை. தண்ணீர் பள்ளி வராந்தா வரைக்கும் வந்து ஒரு பெஞ்சை இழுத்துக்கொண்டு போனது. திங்கட்கிழமையாக இருந்திருந்தால்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன், தெரியுமா உனக்கு? தெரியும். நீதான் வந்து திட்டிவிட்டுப் போனாய்.

அப்போதுதான் அந்தப் பணம் வந்தது. உப்பளத்துக் கூலிக்காரர்களின் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் படிக்க, கல்வி ஆபீஸ் வழியாகப் பள்ளிக்கு என்று தனியாக வந்த பணம். எதற்குச் செலவு செய்வது என்று குழு கூடியது. நீ எழுந்து சொன்னாய், உப்புக் காலத்தில் பள்ளியை விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும் என்று. தாய் தகப்பன் உப்புப் பாத்திக்குப் போகும்போதே பிள்ளைகளையும் கைக்குழந்தைகளையும் இங்கே விட்டுவிட்டுப் போகட்டும், இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவோம், மணி அடிக்கும்போது பிள்ளை வகுப்பில் இருக்கும் என்றாய்.

நான் எழுந்து, "செவுரு வேணும், கேட்டு வேணும்" என்றேன்.

"கடலு செவுரப் பாத்து நின்னுடுமாக்கா?" என்று கேட்டாய்.

"அது நிக்குதோ இல்லையோ, புள்ளைங்களாவது உள்ளாற இருக்கும். ஒனக்கு இன்னாடி, சாயங்காலம் ஆனா பஸ் ஏறிப் போயிடுவ" என்றேன்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. உன் முகம் வாடியதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. முதல் கையை நான்தான் தூக்கினேன். என் கையைப் பார்த்துவிட்டு மற்ற கைகள் எழுந்தன. நீ ஏன் என்னோடு இன்னும் கொஞ்சம் சண்டை போடவில்லை, கலா? ஏன் அப்படிச் சட்டென்று உட்கார்ந்துவிட்டாய்?

வெளியே வந்ததும் ஒன்று சொன்னாய். "செவுர போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பலாம். விடிகாலைல வந்து ஒக்காந்த புள்ளைய எப்படிக்கா போட்டோ எடுக்கறது? சரி, மாசி வரட்டும், பாருங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. மாசியில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். வேலை இழுத்துக்கொண்டே போய், சுவர் எழும்பி முடிந்தபோது ஐப்பசி. மழைக்காலம். உப்பு வேலை இல்லை. தாய்மார்கள் வீட்டில் இருந்தார்கள், பிள்ளைகள் நேரத்துக்கு வந்தார்கள், நீலப் பெயிண்ட் அடித்த கேட்டைத் திறந்து மூடி விளையாடினார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொள்வேன். கார்த்திகையில் நீ காமாலையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வந்து பார்த்தேன். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மாசி வந்தது, உப்பு வேலையும் தொடங்கியது.

போன வாரம் பத்து மணி வெயிலில் பள்ளிப் பக்கம் போனேன். கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அஞ்சலையின் மகள் செல்வி, உன் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருமே, அதுவும் அங்கே நின்றது.

"இன்னாடி வெளிய நிக்கிற?"

"பூட்டிட்டாங்க ஆயா. பிரேயர் முடிஞ்சு வந்தா நாளைக்கு வான்னு சாரு சொல்லிட்டாரு."

"நாளைக்கு நேரத்தோட வர்றதுதானே?"

"அம்மா பாத்திலேர்ந்து வந்தாத்தானே ஆயா தம்பியக் குடுத்துட்டு வர முடியும்? நேத்தும் இப்படித்தான் பூட்டிட்டாங்க."

முன்பெல்லாம் சுவர் இல்லாததால் அந்தப் பிள்ளைகள் பின்பக்கமாக நழுவி வந்து உட்கார்ந்துவிடும். நீயும் கண்டும் காணாமல் ஆஜர் போடுவாய். இப்போது எந்தப் பக்கமும் நழுவ முடியாது. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். வகுப்பு போச்சு, மத்தியானச் சத்துணவும் போச்சு.

நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். அவர் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார். "ஏம்மா, கேட்டு வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்கதானே? கேட்டுன்னு ஒண்ணு இருந்தா பூட்டத்தான் செய்வாங்க. கண்ட நேரத்துக்கு வந்தா ஸ்கூல எப்படி நடத்தறது?"

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். நான்! நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

திரும்பும் வழியில் அஞ்சலை. பாத்தியிலிருந்து வந்த கோலத்திலேயே கைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறாள், முழங்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "எங்க புள்ளைங்க பேருல வந்த துட்டு, எங்க புள்ளைங்கள வெளிய நிறுத்தறதுக்கு செவுரு ஆயிடுச்சா? நீயும் பாத்தில நின்னவதானே? எழுத்து தெரிஞ்சதும் நாலு மணிக்கு எழுந்து பாத்திக்கு ஓடினது மறந்துபோச்சா ஒனக்கு?"

அன்றையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடக்கிறேன், திரும்புகிறேன், சுவரைப் பார்க்கிறேன். அடியில் அதற்குள் உப்பு பூத்துப் பூச்சு உதிர ஆரம்பித்துவிட்டது. நம் மண்ணில் எந்தச் சுவர்தான் உப்பு பூக்காமல் நின்றது? அதைக்கூடவா மறந்தேன்?

இந்த வருடப் பணமும் வந்திருக்கிறது. நேற்றுக் குழு கூடியது. சுவருக்கு மறுபடி பூச்சு, பெயிண்ட், வாசலில் ஒரு பெயர்ப் பலகை என்று தலைமையாசிரியர் படித்தார். நான் எழுந்தேன். "போன தடவ தப்பாப் பேசினது நான்தான். கலா டீச்சரு சொன்னதுதான் சரி" என்றேன். ஒருவர், "இந்த அம்மாவா தப்புன்னு ஒத்துக்குது? மறுபடி கடல் வரப்போவுதுய்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

தலைமையாசிரியர், "பெயிண்டுக்கு பில்லு காட்டலாம். கஞ்சிக்கு யாரும்மா பில்லு குடுப்பாங்க? ஆபீசக் கேக்காம முடியாது" என்றார்.

"கேளுங்க. பதிலு வர்ற வரைக்கும் கஞ்சி நாங்க காய்ச்சறோம். கேட்ட மட்டும் தொறந்து வையுங்க."

"அஞ்சு மணிக்கு யாரு வந்து தொறக்கறது?"

நான் கையைத் தூக்கினேன். அஞ்சலை கூலி வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். அவள் குழுவில் இல்லை, ஆனாலும் கையைத் தூக்கினாள். அப்புறம் இன்னும் சில கைகள். எல்லாரும் தூக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். தலைமையாசிரியர் சாவியை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். "இந்தாங்க. உங்க கேட்டு, நீங்களே தொறந்துக்குங்க."

சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. ஆபீஸ் என்ன பதில் எழுதும், தெரியாது. எத்தனை நாளைக்கு வீட்டு அரிசி தாங்கும், தெரியாது. முடியாது என்று பதில் வந்தால் ஆபீஸ் வாசலில் போய் உட்காருவேன். என் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கு அதை உன் பக்கம் வைத்திருக்கக் கூடாதா நான்?

நாளை ஐந்து மணிக்கு நானே கேட்டைத் திறக்கிறேன். செல்வி தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும். தம்பியை நான் வாங்கிக்கொள்வேன், செல்வி உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்காரட்டும். எனக்கு நடை இருக்கிற வரைக்கும் எந்த மாசியிலும் அந்தக் கேட்டுக்கு வெளியே ஒரு பிள்ளை நிற்காது. உன்னை உட்கார வைத்த இந்தக் கையால்தான் தினமும் திறப்பேன். இது உனக்கு என் வாக்கு.

அந்த பஸ் பேச்சை மட்டும் மன்னித்துவிடு.

நீ அக்கா என்று கூப்பிட்டதால் அக்காவானவள்,
தனபாக்கியம்