மேனேஜருக்கு நான் போட்ட ரிஜிஸ்டர் தபால்

வில்லியனூர்
12-8-1986

அன்பு மகன் ஹமீதுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், பெங்களூரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். சுகம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதினேன். உன் கம்பெனி மேனேஜருக்கு நான் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிய மனுவின் ஒப்புகை அட்டை நேற்று திரும்பி வந்தது. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருப்பது நீ. மேனேஜர் கண்ணில் படாமல் நீயே வாங்கி மடித்து வைத்துக்கொண்டாய் என்று புரிந்துவிட்டது. சந்தைப்பேட்டை சாக்கடைக்காக கம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் பதினோரு மனு போட்டவன் நான், அங்கே பியூன்கூட என் மனுவை மறைத்ததில்லை.

நான் எழுதியதில் எது பொய்? எல்லாம் நீ போன கடிதத்தில் சொன்னதுதான். சோப்பு விற்றுக்கொண்டிருந்த தன் மைத்துனரை முதலாளி உங்களுக்கு மேனேஜராக வைத்தார், மந்திரி வரும் தேதிக்காகச் சோதனை முடியாத கம்ப்யூட்டரை வண்டியில் ஏற்றச் சொன்னார் அந்த மேனேஜர், இன்னும் நாலு நாள் வேண்டும் என்று உன்னோடு வேலை செய்யும் குழந்தைவேல் சொன்னதைக் காதில் வாங்கவில்லை, மந்திரி முன்னால் மெஷின் நின்றுபோனதும் பழியை அந்தக் குழந்தைவேல் தலையில் கட்டுகிறார். அதற்கு நீ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மூவாயிரம் சம்பளம் வேறு யார் தருவார்கள் அத்தா என்று எழுதுகிறாய். நல்ல சம்பளம்தான். இந்தக் கையெழுத்துக்கும் சேர்த்துத்தான் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்.

உன் அம்மா மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. புள்ள சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாரு, மனு எழுதாட்டி இவருக்குக் கை நமைக்குது என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். அவள் நம் மளிகைக் கடையில் வந்து உட்கார்ந்தால் தெரியும். குழந்தைவேலின் அப்பா சாமிக்கண்ணு பக்கத்து ஊர் உறுவையாற்றிலிருந்து தினமும் வருகிறார். அவர் மகனை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவனே நீதானே. வெல்லமோ டீத்தூளோ வாங்குகிறார், வாங்கிய பின்னும் நிற்கிறார். முந்தாநாள்தான் வாய் திறந்தார். “பாய், உங்க புள்ள இன்னா சொல்லப் போறாரு?” கட்டிய பொட்டலத்தையே இன்னொரு தரம் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். யாரிடமும் தலை குனிந்து எனக்குப் பழக்கமில்லை. உன்னால் இந்த வயதில் பழகுகிறேன்.

குழந்தைவேல் மேல் கம்பெனி விசாரணை இருபதாம் தேதி என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே எனக்குத் தந்தி கொடு. கையெழுத்துப் போடவில்லை என்று அதில் இருந்தால் அந்தத் தந்தியை நானே உறுவையாற்றுக்கு எடுத்துப் போவேன். உன் வேலை போனால் வா, கடை இருக்கிறது. தந்தி வராவிட்டாலும் போவேன். சாமிக்கண்ணு இன்னொரு தரம் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். உங்கள் பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்தது என் பிள்ளை என்று அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவேன்.

அங்கே குளிராம், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகச் சொல்கிறாள் உன் அம்மா, இதையும் சுவரிடம்தான் சொன்னாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான புத்தியையும் தரட்டும். இங்கே தந்தி ஆபீசை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், மறக்காதே.

இப்படிக்கு,
உன் அத்தா
ஹபீப் முகமது